நூரியின் சாப்பாட்டு டப்பா

ஜன்னலோரக் கூடையில் மறந்து கிடந்த உருளைக்கிழங்கு இன்று காலை பார்த்தால் தோலெல்லாம் பச்சை. இனி சமைக்க ஆகாது. தூக்கிப் போடுமுன், "வெளிர்கணிகம், வெளிச்சம் பட்டால் பசுங்கணிகம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை.

இதை நான் படித்த இடம் பள்ளிக்கூடமல்ல, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. ப்ளஸ் டூ உயிரியலில் தோற்றுவிட்டு அங்கே தையல் மெஷினில் உட்கார்ந்தேன். பக்கத்து மெஷினில் நூரி. அவளும் அதே பாடத்தில் தோற்றவள்தான். தோலும் பசையும் கலந்த வாசனை எங்கள் சோற்றிலும் இருக்கும், புத்தகத்திலும் இருக்கும். மறுபடி எழுதியே தீர்வது என்று முடிவு செய்தோம். சாப்பாட்டு நேரம் அரை மணி. பத்து நிமிஷம் சாப்பாடு, மீதி படிப்பு.

அவள் டப்பாவே பாடம். பச்சை மிளகாயை எடுத்துக் காட்டி, "இது இன்னாடி?" என்பாள். பசுங்கணிகம், செல்லுக்குள் இருந்து வெயிலை வாங்கிச் செடிக்கு உணவு தயாரிப்பது. தக்காளி என்றால் வண்ணக்கணிகம். பழத்துக்கும் பூவுக்கும் சிவப்பும் மஞ்சளும் கொடுத்துப் பறவையையும் வண்டையும் கூப்பிடுவது. உருளைக்கிழங்கு வந்தால், அதாவது வெளிர்கணிகம், அங்கேதான் எனக்கு மூளை நின்றுவிடும்.

"நெறமே இல்லாதது இன்னா வேலடி செய்யும்?" என்பேன்.

"அதுக்குத்தான் வேல ஜாஸ்தி. மாவு, எண்ண, புரதம் எல்லாம் உள்ள சேத்து வெக்குது. நம்மள மாரி, வெளிய தெரியாது."

பரீட்சையன்று அவசரச் சரக்கு போகவேண்டும், லீவு கிடையாது என்றார் சூப்பர்வைசர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நூரி குனியவில்லை.

"வேலய விட்டுத் தூக்குனாலும் போவோம் சார். ஞாயித்துக்கெழம வந்து தெச்சிக் குடுக்கறோம்."

போனோம். சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்து தைத்தும் கொடுத்தோம். வினாத்தாளில் கணிகம் பற்றி ஒரு வரிகூட இல்லை. நூரி பாஸ். நான் மறுபடியும் ஃபெயில்.

நர்ஸ் படிப்புக்குப் பெங்களூர் கிளம்பும்போது, "உட்டுடாதடி" என்று மட்டும் சொன்னாள். விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் குரலில் கேள்வி, என் குரலில் பதில் என்று நானே படித்தேன். மற்ற பெண்கள் சிரித்தார்கள். மூன்றாம் முறை தேறி, மேலே படித்து, இப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் இருக்கிறேன்.

நூரியின் நம்பர் எப்போதோ மாறிவிட்டது. கம்பெனியும் மூடியாயிற்று. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, நாங்கள் சாப்பிட்ட ஷெட் இருந்த இடத்தில் அடுக்குமாடி நின்றது. கேட்டருகே நின்று பார்த்தேன்.

"யாரும்மா வேணும்?" என்றார் வாட்ச்மேன்.

"நூரி" என்றேன், என்னையறியாமல்.

அவர் ரிஜிஸ்டரைப் பொறுமையாகப் புரட்டினார். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லம்மா."