நெட்டி முறித்த கை

இறால் ஓட்டின் வாடை எங்கே வந்தாலும் என் கண் இன்றும் மகளின் உதட்டுக்குத்தான் ஓடும். சிறுவயதில் அவளுக்கு இறால் ஆகாது, துணுக்கு வாயில் பட்டாலே மூச்சு அடைக்கும். ராயபுரத்தில், மீன்குழம்பு மணக்காத வீடே இல்லாத அந்தச் சந்தில், எங்கள் அடுப்பில் மட்டும் இறால் ஏறியதில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் அவளுக்கு எதையும் ஊட்ட மாட்டாள்.

அன்று மகள் புதுப் பாவாடையில் வாசலில் நின்றாள். வேலை முடிந்து வந்த அக்கா, "யம்மாடி, இன்னா அழகா கீது என் ராஜாத்தி!" என்று அவள் கன்னங்களை இரு கையாலும் வழித்து, தன் நெற்றியோரம் வைத்து நெட்டி முறித்தாள்.

சற்று நேரத்தில் குழந்தையின் இமைகள் வீங்கின. உதடு தடித்தது. மூச்சு விசிலடித்தது. அள்ளிக்கொண்டு ஓடினோம்.

ஊசி போட்ட டாக்டர், "என்ன சாப்பிட்டா?" என்றார்.

"ஒண்ணுமே துன்னல சார். எங்கூடதான் நின்னுகினு இருந்துச்சு," என்றாள் அக்கா.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"ஷெட்டுல எறா உரிக்கிறேன்..."

பாதியில் நிறுத்தி, தன் விரல்களை முகர்ந்தாள். வாயைத்தானே இத்தனை நாளும் காவல் காத்தோம். திருஷ்டி கழிக்கிற கையை யார் சந்தேகப்படுவார்கள்?

மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் ஏறியதும் மகள் வெளியே நின்ற அக்காவிடம் தாவினாள். அக்கா இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வேணாம் கண்ணு, நீ போ. பெரிம்மா இங்கருந்தே பாத்துகினு கீறேன்."