பெருகாத பால்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் ஒரு எவர்சில்வர் டப்பா வைத்திருந்தார். நெட்டையான மனிதர், முழங்கால் முன் சீட்டில் இடித்தது. அடிக்கொரு தரம் டப்பாவைத் திறந்து, உள்ளே முறைத்துவிட்டு மூடினார். சந்திரகிரி தாண்டியதும் ஸ்பூனை என்னிடம் நீட்டினார்.

"சாப்பிட்டுப் பாருங்க சார்."

தித்திப்பாக, கெட்டிப் பாலாக இருந்தது.

அவர் தஞ்சாவூர்ப் பக்கம். வேலையும் தங்கலும் சித்தூரில், வீடு திருப்பதியில்; வாரம் ஒருமுறை போய் வருவார். அங்கே ஓர் ஓட்டலில் அவர் மனைவி ஓர் இனிப்பைச் சாப்பிட்டுச் சொக்கிப்போனாராம். தானே செய்து கொண்டுபோவதற்காக இவர் மாஸ்டரிடமே பக்குவம் கேட்டிருக்கிறார்.

"'டப்பா பாலு, பெருகு, ஆவிரி, அந்தே'ன்னாரு. டின் பாலை ஆவியில வச்சா பெருகும், அவ்வளவுதான்னு புரிஞ்சுக்கிட்டேன். வாராவாரம் வைக்கிறேன் சார், பெருகவே மாட்டேங்குது."

நான் ஆந்திர எல்லையிலிருக்கும் நகரிக்காரன், தெலுங்கும் தெரியும். சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணா, பெருகுன்னா தெலுங்குல தயிரு. பால்ல தயிரு கலந்து வைக்கச் சொல்லிக்கிறாரு."

அவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

"அப்ப என் வீட்டுக்காரி ஒவ்வொரு வாரமும், 'போன தடவைக்கு இப்ப நல்லா பெருகியிருக்குங்க'ன்னு சொன்னாளே சார்?"

அவர் டப்பாவை மூடினார், பிறகு திறக்கவில்லை. ஆனால் இறங்கும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

பஸ் நிலையத்தில் பால் பூத் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தயிர் வாங்காமலே வீட்டுப் பக்கம் நடந்தார்.