செத்துப்போனதாகச் சொன்ன பெரியம்மா

எங்கள் ஊரில் வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் ஏஜெண்டைப் பார்ப்பார்கள். அதன் பிறகு ஏஜெண்ட் அவர்களைப் பார்த்துக்கொள்வார். தேங்காய்ப்பட்டணத்தை அடுத்த அந்தக் கரையில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. எனக்கு ஒன்பது வயதானபோது எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏஜெண்டுக்குப் பதிலாக மின்னஞ்சல் வந்தது. அப்பா ஓர் உலக நிவாரண அமைப்பில் ரேடியோ டெக்னீஷியன். ஆறு வருடமாகக் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஊர்களாகப் பார்த்தே அவரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் முதல்முறையாக நைரோபி. மனைவி மக்களோடு தங்கலாம்.

அப்படி மாற்றலாகிப் போகும் ஊழியர்களின் குடும்பத்துக்கு விசா, பள்ளிக்கூடம், வீடு, சாமான் ஏற்றும் கப்பல் என்று எல்லாவற்றையும் கவனிக்க அமைப்பில் 'புரோட்டோகால்' என்று ஒரு தனிப் பிரிவு உண்டு. அதில் ஒரு தமிழ்ப் பெண்மணி இருந்தார். வீட்டில் அவருக்குப் பெயர் புரோட்டோகால் மேடம். அவர் அதட்டுவதில்லை, கையூட்டு கேட்பதில்லை. அதுவே அம்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது. என்னென்ன கொண்டுவரலாம் என்று அவர் அனுப்பிய பட்டியலில் உலர்ந்த மீன் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டு அம்மா ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போகவேண்டியவர்கள் நாலு பேர்: அப்பா, அம்மா, நான், அக்கா. அக்காவுக்குப் பதின்மூன்று வயது. உண்மையில் அவள் பெரியப்பாவின் மகள். அவளுக்கு நாலு வயதிருக்கும்போது கடலுக்குப் போன பெரியப்பா திரும்பவில்லை. அவளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் என் அப்பா. எங்கள் கரையில் ஞானத்தகப்பன் என்றால் பாதித் தகப்பன். பெற்றவனைக் கடல் கொண்டுபோனால் முழுத் தகப்பன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் தகப்பன் பெயர் கேட்க, அப்பா யோசிக்காமல் தன் பெயரைச் சொன்னார். அந்தச் சான்றிதழை வைத்தே பாஸ்போர்ட் வந்தது. அமைப்பின் படிவத்திலும் 'மகள்கள் இருவர்' என்று எழுதிவிட்டார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மேடத்துக்குத் தோன்றியது. அப்பா அம்மாவின் கல்யாணச் சான்றிதழைப் பார்த்தால் கல்யாணம் நடந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. மூத்த மகளுக்கோ வயது பதின்மூன்று. 'இந்தப் பிள்ளை உங்கள் முதல் மனைவியின் மகளா? குடும்பத்தோடு வீடியோவில் பேசவேண்டும்' என்று மரியாதையாக எழுதியிருந்தார். பொய்த்தகவல் என்று முடிவானால் வேலையே போய்விடும் என்பதும் அதே மரியாதையோடு கீழே அச்சிடப்பட்டிருந்தது.

இரண்டு நாள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவைப் பெற்ற பெரியம்மாதான் வழி சொன்னார். அவரும் எங்களோடுதான் இருந்தார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. என்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தலை பின்னிவிட்டதெல்லாம் அவர்தான்.

"ஆமா, முதல் பெண்டாட்டிக்க மவதான்னு சொல்லிருங்க தம்பி. அவ செத்துப்போனான்னு சொல்லுங்க" என்றார் அப்பாவிடம். "புள்ளைக்கு ஒரு வழி பிறக்குமுன்னா நான் செத்தா என்ன?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அழுதாள். அக்கா எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் அது முடிவாயிற்று.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அழைப்பு. முன்னறையில் பிளாஸ்டிக் மேசைமேல் மடிக்கணினி. கரண்ட் போய்விடுமோ என்று அப்பா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னிடம் அம்மா, "ஏட்டி, நீ வாயத் திறக்காம இரி. கேட்டியா?" என்று தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

மேடம் திரையில் வந்தார். நரைத்த முடி, மூக்குக்கண்ணாடி, சிரித்த முகம். அப்பா மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார். முதல் மனைவி, இறந்துபோனாள், பிள்ளை சின்னது. அவர் திரையைப் பார்க்காமல் பேசியதைத் துக்கம் என்று மேடம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மேலே கேட்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டார். அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

கண்டம் தாண்டிவிட்டது. பேச்சை முடிப்பதற்காகத்தான் மேடம் என் பக்கம் திரும்பி, "பாப்பா, நீங்க என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டார்.

நாலாம் வகுப்பு என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அப்பாவுக்குப் பேசக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு. "நாலு. பெரியம்மா மஞ்சக்காமாலை வந்து செத்துப்போச்சு மேடம்" என்றேன். அம்மா மறுபடி கிள்ளினாள். எனக்கு வலிக்கவே இல்லை. எதிர்வீட்டுத் தாத்தாவின் அடக்கத்தில் பார்த்ததையெல்லாம் எடுத்து விட்டேன். பேண்டு வந்தது, பெட்டிக்குள் ரோசாப்பூ போட்டார்கள், குழிக்குள் எல்லாரும் மண் போட்டோம், அக்கா பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதாள். அப்பா சொன்ன கதைப்படி நான் அப்போது பிறக்கவே இல்லை என்பது எனக்கு நினைவில்லை.

மேடத்தின் சிரிப்பு போயிருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அக்காவைப் பார்த்தார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. உனக்கு அம்மா முகம் ஞாபகம் இருக்கா?"

அப்பா மேசைக்கடியில் அக்காவின் கையைப் பிடித்தார். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"எனக்க அம்மா சாகல்ல. அடுக்களையில நிக்கா."

கரண்ட் போனாலாவது தேவலை என்று அப்பா நினைத்திருப்பார். எங்கள் ஊர் கரண்ட் அன்றைக்குப் பார்த்து நிலையாக நின்றது.

"அவங்களைக் கூப்பிடுங்க" என்றார் மேடம்.

பெரியம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். முகத்தை நிமிர்த்தவில்லை. மேடம் கைகூப்பி, "வணக்கம்மா" என்றார். இவர் அண்ணன் மனைவி என்று அப்பா உண்மையைச் சொன்னார். கேட்டுவிட்டு மேடம் அவரிடம், "சார், அண்ணன் மகளை மகள்னு எழுதிட்டீங்க. தவறுதலா எழுதினதுன்னு இன்னிக்கே ஒரு கடிதம் போடுங்க. அந்தப் பேரை எடுத்துடறேன். நாம இப்ப பேசினது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை" என்றார். திரை அணைந்தது.

அணைந்த மறுநொடி பெரியம்மா அக்காவின் முதுகில் அறைந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. "கெடுத்தியே! உனக்க வாழ்வ நீயே கெடுத்தியே!" என்று அடித்தவர், அப்படியே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அக்கா அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அன்று இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்தேன்.

எனக்கோ கோபமான கோபம். எவ்வளவு அழகாகச் சொல்லி வைத்தேன்! ஒரு வரியில் கெடுத்துவிட்டாளே. அடி அவளுக்குத்தானே விழுந்தது, அப்படியானால் தப்பும் அவளுடையதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். எங்கள் மூன்று பேருக்கும் விசா வரும்வரை அவளோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் பெரியம்மா வழக்கம்போல என்னை உட்காரவைத்துத் தலை பின்னினார். வகிடு கோணிப்போயிற்று.

"பெரியம்மா, நான் நல்லாத்தானே சொன்னேன்?"

அவர் சீப்பை நிறுத்தினார். "நல்லா சொன்ன மக்கா" என்றார். பிறகு பின்னி முடித்து, ரிப்பன் கட்டிவிட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மேடம் அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார். இது எனக்கு விளங்க எத்தனையோ வருடம் ஆயிற்று. கதவுக்குப் பின்னால் நின்று தன் அடக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு அது அன்றைக்கே தெரியும். அக்காவுக்கும் தெரியும். இருவரும் திருவனந்தபுரம் விமான நிலையம்வரை வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று, நான் உள்ளே போய் மறையும்வரை எனக்குக் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.