இடைவேளையில் கேட்ட கலர்

பழனிக் கொட்டகையில் ஒரு பாடகியின் வாழ்க்கையைப் படமாகப் போட்டிருந்தார்கள். ஏழு வயதிலேயே ஊர் ஊராகக் கச்சேரி செய்தவள். தொண்டை கெட்டுவிடும் என்று அவளுடைய அம்மா அவளை மழையில்கூட விளையாட விடவில்லை. நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் என் மகள் குடிக்க ஜில்லென்று கலர் சோடா கேட்டாள். மறுநாள் அவள் தைப்பூசப் பந்தலில் பாட வேண்டும். தினமும் வெள்ளனே எழுப்பிப் பாடவைத்து எனக்கே அலுத்துவிட்டது. ஊரே மெச்சும்போது எப்படி நிறுத்துவது?

"வேண்டாம்டி, தொண்டை கட்டிக்கிரும்."

"அந்தப் பிள்ளையோட அம்மாவும் இப்படித்தான சொல்லுச்சு? அதுக்கு மட்டும் அழுதியே?"

பக்கத்தில் இருந்த பெண் சிரித்துவிட்டார். "நல்லாக் கேட்டா பாரு! வாங்கிக் குடு தாயி."

வாங்கிக் கொடுத்தேன். அந்தப் பாடகி கடைசியில் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. படம் முடியும்வரை, என் மகள் இருமுகிறாளா என்றே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.