எலிகளுக்குக் கிடைத்த ஓய்வு

டாக்டர் கமலவேணி இறந்த செய்தியை நாளிதழ் விளம்பரத்தில்தான் பார்த்தேன். படத்தின் கீழே ‘வெப்பத்தை வென்ற விஞ்ஞானி’ என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே, இன்னும் பெரிய எழுத்தில், விளம்பரம் கொடுத்த எங்கள் பழைய துறைத்தலைவரின் பெயர். காபியை அப்படியே வைத்துவிட்டேன்.

மேடத்தை அறிந்தவர்களுக்கு அந்த வெப்ப அறை நினைவிருக்கும். தஞ்சாவூரில், கல்லூரியின் உடலியல் துறையில் நானும் வேலை பார்த்தேன். வெள்ளை எலிகள் எவ்வளவு சூடு தாங்கும் என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். எலிக்கு நம்மைப் போல வியர்க்காது. சூடு ஏறினால் எச்சிலை நக்கி நக்கி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். நாற்றம் தாங்காமல் நாங்கள் வெளியே ஓடுவோம். மேடம் நகரமாட்டார். உடல்சூடு அவர் குறித்த அளவைத் தொட்டதும் எலியை எடுத்துவிடுவார். “தாங்குதான்னு பாக்கத்தான் வெச்சிருக்கோம், சாகுதான்னு பாக்க இல்ல” என்பார். சூட்டிலேயே வளர்ந்த எலிகள் கூடுதல் நேரம் தாங்கின. அதைக் கட்டுரையாக எழுதினார்.

அப்போது கீழத்தஞ்சையில் நிலத்துக்கும் கூலிக்கும் சண்டை மூண்டிருந்தது. ஆட்சி மாறியிருந்தது, மிராசுகளின் அதிகாரம் மாறவில்லை. குறுவை நடவில் உச்சிவேளை ஓய்வும் குடிக்கத் தண்ணீரும் வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள். தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை. துறைத்தலைவர் மிராசுக் குடும்பத்துக்காரர். ‘ஆமாம்’ என்று மட்டும் சொன்னால் போதும் என்று சொல்லி மேடத்தைக் காரில் அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே துறைத்தலைவர் மேடத்தின் கட்டுரையைத் தூக்கிக் காட்டி, வெயிலிலேயே பிறந்து வளர்ந்த உடம்புக்கு ஓய்வு தேவையில்லை, விஞ்ஞானமே சொல்கிறது என்றார். மனிதர்களை எலிக்கணக்கில் சேர்க்கிறோமே என்ற கூச்சம் துளியும் இல்லை. எதிரே, காலில் சேறு காயாமல் நடவுப் பெண்கள் நின்றிருந்தார்கள்.

மேடம் தாசில்தாரைப் பார்த்துச் சொன்னார்: “என் எலிங்க ஒரு வேலையும் செய்யலைங்க. சும்மா படுத்துக் கிடந்துச்சுங்க. பக்கத்துல தண்ணி வெச்சிருந்தோம். அந்த ரெண்டத்தான் இவங்களும் கேக்குறாங்க.”

ஓய்வும் தண்ணீரும் ஒப்பந்தத்தில் ஏறின. மறுவாரமே வெப்ப அறைக்குப் பூட்டு விழுந்தது. மின்சாரச் செலவாம். மேடம் ஓய்வுபெறும்வரை மாணவர்களுக்குத் தவளை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் பொருமினால், “விடுங்க, உச்சிவெயில்ல அவங்க உக்கார்றாங்கல்ல” என்பார்.

எனக்கு விட மனசில்லை. பூட்டுப் போட்ட கையே மாலையும் போடுகிறது. துறைத்தலைவர் ஏற்பாடு செய்திருந்த இரங்கல் கூட்டத்துக்கு நான் போகவில்லை.

மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். யாராவது “அவங்களுக்கு வெயில் பழகிப்போச்சு” என்று சொன்னால், சொல்கிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் பார்ப்பேன். எப்போதும் மின்விசிறிக்கு அடியில்தான்.