பொய் டீச்சரும் கப்பல் மணியும்

பள்ளிக்கூடத்தில் அவரைப் பொய் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். ஏச்சு இல்லை, பட்டம். அவர் எடுத்தது சமூக அறிவியல். ஒவ்வொரு வகுப்பிலும் பாடத்தோடு பாடமாக ஒரு பொய்யைக் கலந்துவிடுவார். மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். விரலை நீட்டிக் காட்டினால் மட்டும் போதாது. ஏன் சந்தேகம் வந்தது, எங்கே போய்ச் சரிபார்க்கலாம் என்றும் சொல்ல வேண்டும். யாருக்கும் பிடிபடாவிட்டால் அவரே உடைத்துவிடுவார். பொய்யோடு யாரும் வகுப்பைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி.

எல்லாம் ஒரு தவறில் தொடங்கியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாய் தவறி, ஆறு கடலில் பிறந்து மலையில் போய் முடிகிறது என்று சொல்லிவிட்டார். மொத்த வகுப்பும் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டது. அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. தலையாட்டத்தான் படிப்பென்றால் இத்தனை பெஞ்சு எதற்கு என்று வீட்டில் கணவரிடம் பொரிந்து தள்ளினார். அதற்குப் பிறகு வேண்டுமென்றே பொய் சொல்ல ஆரம்பித்தார். பாடத்துக்குத் தயாரானதைவிடப் பொய்க்குத் தயாரானதுதான் அதிகம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ரகமெல்லாம் அவரிடம் செல்லாது. பொய்க்குள் பாதி உண்மையாவது இருக்க வேண்டும்.

அவருடைய வேலை அப்போது தற்காலிகம். நிரந்தரமாக வேண்டுமென்றால் தலைமையாசிரியர் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்த்து நல்லபடியாக எழுத வேண்டும். தலைமையாசிரியர் ஊருக்கும் பள்ளிக்கும் புதியவர். பொய் விளையாட்டு அவர் காதுக்கு எட்டியிருக்கவில்லை. கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அன்றைய பாடம் ஆதாரங்கள். கல்வெட்டு முதல் தர ஆதாரம், செவிவழிக் கதை அதற்கு அப்புறம் என்று விளக்கிக்கொண்டே வந்த டீச்சர், வாசலில் தொங்கும் பள்ளி மணியைக் காட்டி, அது கடலில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த மணி என்று ஒரு கரடியை அவிழ்த்துவிட்டார். தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே நேரம் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட, எழுந்து போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் ஜன்னலோரத்துப் பெண் எழுந்தாள். "கப்பல் மணின்னா அதுல கப்பல் பேர் இருக்கணுமே டீச்சர். ஏணி போட்டுப் பாத்துடலாமா?" பார்த்தார்கள். மணியின் விளிம்பில் ஒரு வார்ப்புப் பட்டறையின் முத்திரை இருந்தது. பள்ளிக்கூடத்துக்கென்றே செய்தது என்றும் அதிலேயே பொறித்திருந்தது. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம்.

மறுநாள் தலைமையாசிரியர் டீச்சரை அறைக்கு அழைத்தார். மேசையில் நிரந்தரக் கோப்பு கையெழுத்துக்காகத் திறந்திருந்தது.

"பிரமாதம்மா. கப்பல் மணி விஷயம் இங்க யாருமே எனக்குச் சொல்லலை பாருங்க. கிரானைட் கடை வச்சிருக்கிற நம்ம பழைய மாணவர்கிட்ட சொல்லிட்டேன். மணிக்குக் கீழே கல்வெட்டு வைக்கிறேன்னுட்டார்."

"சார், அது வந்து..."

"உங்க பேரையும் போடணுமா? அதெல்லாம் வேண்டாம், நன்கொடை குடுக்கிறவர் பேரே நீளம்."

டீச்சர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். வீட்டில் கணவர் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "முதல்ல கையெழுத்து ஆகட்டும். அப்புறம் சொல்லிக்கலாம். கப்பல் மணின்னு எழுதினா யாருக்கு என்ன நஷ்டம்?" டீச்சரும் அப்படியே நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததற்காக அவருக்கு அவர்மீதே அருவருப்பாக இருந்தது.

கல் வந்து இறங்கியது. அன்றைக்கே திறப்பு விழா. பிள்ளைகள் அதையும் பார்த்தார்கள், டீச்சரையும் பார்த்தார்கள். ஜன்னலோரத்துப் பெண் மட்டும் கிட்டே வந்தாள்.

"அந்த வகுப்பு முடிஞ்சு மணி அடிச்சு ரொம்ப நாளாச்சு டீச்சர். சாருக்கு நீங்க இன்னும் உடைக்கலையே."

டீச்சர் நேரே தலைமையாசிரியரிடம் போய் உடைத்துவிட்டார். அவர் எழுந்து வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கல்லு வெட்டியாச்சு. குடுத்தவர் குடும்பத்தோட வெளியில நிக்கிறார். இப்பப் போய் நான் என்னன்னு சொல்றது? நன்றியுரை உங்களுது. அதை மட்டும் சொல்லிட்டு இறங்குங்க."

நன்றியுரையில் டீச்சர் நன்றியும் சொன்னார், கப்பலும் மூழ்கவில்லை, மணியும் மிதக்கவில்லை, எல்லாம் தான் கட்டிய கதை என்றும் சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் தட்டவில்லை. கோப்பு பீரோவுக்குள் போனது. அவர் மாற்றலாகிப் போய் அடுத்தவர் வந்த பிறகுதான் அது வெளியே வந்தது. கல்லை எடுத்தால் கொடுத்தவர் மனம் நோகும் என்பதால் கல் அங்கேயே நின்றது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கல்லில் வெட்டிய புளுகுக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை.

காலம் ஓடியது. மின்சார மணி வந்தது. பழைய மணியை இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டார்கள். டீச்சருக்கு முடி நரைத்து, ஓய்வு பெறும் வருஷமும் வந்தது. ஜன்னலோரத்துப் பெண்ணின் வகுப்பில் படித்தவர்களெல்லாம் எங்கெங்கோ பிழைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வகுப்பு ஆதாரங்கள் பாடமாக அமைந்தது. அன்று அவர் பொய் எதையும் தயார்செய்யவில்லை. வாசல் கல்லின் கதையை, தன் கோழைத்தனம் உட்பட, நடந்தது நடந்தபடி சொன்னார்.

நடு பெஞ்சிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"இன்னைக்குப் பொய்யைக் கண்டுபிடிச்சுட்டேன் டீச்சர். அந்த மணி கப்பல் மணிதான். நீங்க கதை கட்டினதாச் சொன்னீங்களே, அதுதான் பொய்."

"எப்படிச் சொல்றே?"

"வாசல்ல கல்வெட்டு இருக்கு. கல்வெட்டு முதல் தர ஆதாரம்னு இப்பதானே சொன்னீங்க. நீங்க சொல்றது செவிவழி. மணியைக் காட்டுங்க, ஒத்துக்கிறேன்."

வகுப்பு கைதட்டியது. டீச்சருக்குப் பெருமையும் வயிற்றெரிச்சலும் ஒன்றாகப் பொங்கின. மணி இல்லை. முத்திரையைப் பார்த்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. வழக்கம்போல மணி அடிப்பதற்குள் உடைத்துவிடலாமென்றால், இம்முறை உடைக்கப் பொய்யே இல்லை.

"வாதம் சரிதான்மா, உக்காரு," என்றார். மின்சார மணி அடித்தது. பிள்ளைகள் பைகளை மாட்டிக்கொண்டு, வாசல் கல்லைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.