பொறிக்காட்டில் ஒரு பெட்டி கற்பூரம்

மொன்றியலில், சென்ட் லோரன்டில் உரோமக் கோட்டு தைக்கிற பட்டறையில் எனக்கு வேலை. அதை ஒரு மார்கழியில் மூடிவிட்டார்கள். அலையாத இடமில்லை. வேறு வேலை அகப்படவில்லை. பட்டறைக்குத் தோல் கொண்டுவருகிற பிரெஞ்சுக்காரர் வடக்கே காட்டில் பொறி வைத்து, பீவர் என்கிற நீர்விலங்கை உரோமத்துக்காகப் பிடிக்கிறவர். உதவிக்கு ஆள் வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன்.

புறப்படும்போது மனைவி என் ஜக்கெட்டின் உள்பைக்குள் ஒரு பெட்டி கற்பூரத்தைத் திணித்தாள்.

"வெள்ளிக்கிழமையில மறக்காமல் கொளுத்துங்கோ. அந்தக் காட்டில உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"மரக்குடிலப்பா. பத்தி எரிஞ்சா ஆர் வந்து அணைக்கிறது?"

பொறி வைப்பதை வீரக்கதையாகச் சொல்கிறவர்களை இப்போது எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. விடிய முதல் எழும்பி மோட்டார்ப் பனிவண்டியில் போவோம். உறைந்த ஏரியை நீளமான இரும்பு அலவாங்கால் குத்தித் துளைத்து, பொறியை மேலே இழுப்போம். செத்த பீவர் நனைந்த சாக்குப்போலக் கனக்கும். பின்னேரம் அதை உரித்து, கொழுப்பைச் சுரண்டி, தோலைப் பலகையில் வட்டமாக இழுத்து ஆணி அடிப்போம். சாப்பாடும் அதே பீவர்தான். வெள்ளிக்கிழமைகளில் நான் பருப்பும் சோறும் தின்பதைப் பார்த்து பிரெஞ்சுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். பட்டறையில் எத்தனை தோலைத் தடவியிருப்பேன், அதற்குப் பின்னால் இவ்வளவு நாற்றம் இருந்ததென்று தெரியவே தெரியாது.

பெற்றோல் அடிக்கக் கிராமத்துக்குப் போகும்போதுதான் கைத்தொலைபேசி வேலை செய்யும். மனைவியின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கற்பூரம் கொளுத்தினியளோ?"

"மறந்துபோனன்."

"சொல்லிச் சொல்லி என்ர வாய்தான் நோகுது."

மாசியில் ஒரு மத்தியானம், பீவர்க் கூட்டுக்குப் பக்கத்தில் பனிக்கட்டி உடைந்து பிரெஞ்சுக்காரர் கழுத்தளவுக்குத் தண்ணீருக்குள் போய்விட்டார். நான் குப்புறப் படுத்து அலவாங்கை நீட்டி, பிறகு கோட்டைப் பிடித்து இழுத்தேன். முழங்கை வரை எனக்கும் நனைந்துவிட்டது. நெருப்பு மூட்ட மரப்பட்டை வைத்திருந்த அவருடைய பை ஏரிக்குள் போயிற்று. அவரை வண்டியில் ஏற்றி, வந்த தடத்திலேயே திரும்பி, பாதிவழியில் இருந்த சின்னக் குடிலுக்குள் இழுத்துப் போட்டேன். ஈர உடுப்பைக் கழற்றி, கிடந்த போர்வையால் சுற்றினேன். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கத்தை நிறுத்தியபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது; குளிரில் உடம்பு தோற்கிற அடையாளம் அது. அவர் போய்விட்டால் அந்தக் காட்டைவிட்டு வெளியேறும் வழியும் எனக்குத் தெரியாது.

அடுப்பில் விறகு இருந்தது; அதுவும் உறைந்த விறகு. சுவர்த்தட்டில் நெருப்புப்பெட்டி இருந்தது. என் விரல்கள் என் விரல்களாக இல்லை. குச்சிகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன, எரிந்தவை விறகைத் தொட்டு அணைந்தன. ஆத்திரத்தில் அடுப்பைக் காலால் உதைத்தேன், தமிழில் வாயில் வந்தபடி ஏசினேன். கடைசிக் குச்சிகளில்தான் உள்பை ஞாபகம் வந்தது.

பல்லால் பெட்டியைக் கிழித்தேன். முதல் கட்டி பற்றியது. விறகு சீறியது, பிடிக்கவில்லை. இன்னொன்று போட்டேன். பிறகு இரண்டு. ஒவ்வொன்றும் அணையமுதல் அடுத்ததை வைத்தேன். பக்தி ஒன்றும் வரவில்லை; செத்துப்போகாதையடா என்று அந்த மனிதனைத்தான் கும்பிட்டேன். பெட்டி வெறுமையானபோது ஒரு விறகின் ஓரம் சிவந்தது.

காலையில் அவர் என் முதுகில் சாய்ந்தபடி கையைக் காட்டிக் காட்டி வழி சொல்ல, நான் வண்டியை ஓட்டி வெளியே வந்தேன். ஆஸ்பத்திரியில் அவருடைய கால்விரல்கள் சிலவற்றை எடுக்கவேண்டும் என்றார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். நடைவழியில் நின்று மொன்றியலுக்கு, மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒன்றும் சொல்லி அவளைப் பயப்படுத்தக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

"கற்பூரம் கொளுத்தினியளோ?"

"ஓம்."

"உண்மையாவோ? எத்தினை?"

"முழுப் பெட்டியும்."

 அவள் குரல் உடைந்து வந்தது.

"ஐயோ, என்னப்பா நடந்தது?"